மூவாயிரம் வெள்ளி, மூன்று சைக்கிள்: எந்த ஃபிரேமை நம்பலாம்?

கேள்வி கேட்ட தம்பி மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரர். கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு அருகிலுள்ள லாசா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் மவுண்டன் பைக் ஓட்ட வேண்டும் என்று ஆசை. உயரம் 172 சென்டிமீட்டர், எடை 92 கிலோ, கையில் 3000 வெள்ளி (ரிங்கிட்). மூன்று சைக்கிள்களைப் பார்த்து வைத்திருக்கிறார். முதலாவது, இணையக் கடையில் வரும் கார்பன் ஃபிரேம் சைக்கிள். பிராண்டு பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை, ஆனால் 12 ஸ்பீடு, எடை 11 கிலோ என்று போட்டிருக்கிறது. இரண்டாவது, ஈப்போவில் ஒருவர் விற்கும் பழைய ஃபுல் சஸ்பென்ஷன், அதாவது முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ளது. பெரிய பிராண்டு, புதிதில் பத்தாயிரத்துக்கு மேல் என்கிறார் விற்பவர். மூன்றாவது, ஈப்போ கடையில் நிற்கும் புதிய அலுமினிய ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். 10 ஸ்பீடு ஷிமானோ டியோர் கியர், காற்றில் இயங்கும் ஏர் ஃபோர்க், ஹைட்ராலிக் பிரேக். “எதை நம்பி வாங்கலாம் அண்ணா?” என்று கேட்கிறார்.

மூன்றாவதை வாங்குங்கள் தம்பி. பதில் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடையில் அந்த மாதிரி தீர்ந்துபோயிருக்கலாம், நாளைக்கே வேறு யாராவது வேறு சைக்கிளைக் காட்டலாம். அதனால் எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருப்பவன், வெல்டிங்தான் சோறு போடுகிறது. சாயங்காலங்களில் தாமான் பிள்ளைகளின் சைக்கிள்களைப் பிரித்து மாட்டுவது பழக்கம். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை ஸ்பீடு?”, அடுத்தது “கார்பனா?”. நான் சைக்கிளை இரண்டு கூறாகப் பிரித்துப் பார்ப்பேன். உடைந்தால் நம்மைத் தள்ளிவிடும் பாகங்கள் ஒரு பக்கம். உடைந்தால் நாம் தள்ளிக்கொண்டு வரவேண்டிய பாகங்கள் இன்னொரு பக்கம். ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டல்பார், அதைப் பிடிக்கும் ஸ்டெம், சீட் போஸ்ட், கிராங்க், முன் சக்கரம், பிரேக் எல்லாம் முதல் வகை. ஷிஃப்டர், ஆர்டி (பின் கியர் மாற்றி), செயின், சீட்டு, கிரிப் பெரும்பாலும் இரண்டாவது வகை. காசையும் சந்தேகத்தையும் முதல் வகையில் செலவழியுங்கள். இணையக் கடைகளில் மலிவாக வரும் சைக்கிள்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஆர்டி மட்டும் நல்லதாக இருக்கும், ஸ்டெம்மில் ஒரு பெயரும் இருக்காது.

முதலில் நம்ம ஊர்த் தோட்டத்தில் ஃபிரேம் என்ன பாடுபடுகிறது என்று பார்ப்போம். செம்மண் சாலை, மழைக்குப் பிறகு டிராக்டர் சக்கரம் போட்ட ஆழமான தடம், வடிகால் மேல் போட்ட பலகை, வரிசைக்கு நடுவே அடுக்கிய மட்டை, அங்கங்கே ஒரு முழம் இறக்கம். இரண்டு ஆள் உயரத்திலிருந்து யாரும் குதிப்பதில்லை. இதற்கு ஒரு அளவுகோலே இருக்கிறது. அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் எஃப்2043 சைக்கிள்களை ஓட்டும் இடத்தை வைத்து ஐந்து வகையாகப் பிரிக்கிறது. ஒன்று தார்ச்சாலை. இரண்டு சரளைச்சாலை, 15 சென்டிமீட்டர் வரை இறக்கம். மூன்று கரடுமுரடான பாதை, 61 சென்டிமீட்டர் வரை. நான்கு 122 வரை. ஐந்து, பெரிய தாவல்களுக்கு. பல நிறுவனங்கள் இந்த எண்ணை ஃபிரேமிலேயே சிறிய ஸ்டிக்கராக ஒட்டுகின்றன, இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். உங்களுக்கு மூன்று போதும். பார்க்க மவுண்டன் பைக் மாதிரி இருந்து, கையேட்டில் இரண்டு என்று எழுதியிருந்தால் அது மவுண்டன் பைக் இல்லை.

ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய சைக்கிள்களை விற்கும் கடைகளில் இதன் வேடிக்கையான வடிவத்தைப் பார்க்கலாம். தடித்த டயர், முன்னால் சஸ்பென்ஷன், விலை கொள்ளை மலிவு. ஃபிரேமில் ஜப்பானிய எழுத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர். யாராவது படித்துச் சொன்னால்தான் தெரியும்: கரடுமுரடான பாதையில் ஓட்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். ஜப்பானில் மவுண்டன் பைக் தோற்றத்தில் விற்கும் நகர சைக்கிள்களுக்கு அப்படி எச்சரிக்கை ஒட்டுவது வழக்கம். இங்கே நம் பிள்ளைகள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறக்குகிறார்கள்.

கையேட்டில் அடுத்து பார்க்க வேண்டியது எடை வரம்பு. அது ஆளின் எடை மட்டுமா, அல்லது ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்தா என்று கவனித்துப் படியுங்கள். உங்கள் 92 கிலோவோடு 14 கிலோ சைக்கிளும் தண்ணீர்ப் பையும் சேர்ந்தால் 108 தாண்டும். கார்பன் சைக்கிள் விற்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எழுத்தில் ஒரு எண் கொடுத்தால் மேலே பேசலாம். “நோ ப்ராப்ளம் பாஸ்” என்று பதில் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது உலோகம். அலுமினியம் உடையும், கார்பன் நொறுங்கும், இரும்புதான் உறுதி என்று தேநீர்க் கடையில் பேசுவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரும்புக்கு ஒரு எல்லை உண்டு. அந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை அழுத்தினாலும் அது களைப்படைந்து விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது. சின்ன அழுத்தமும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனாலும்தான் அலுமினிய ஃபிரேமின் குழாய்கள் அவ்வளவு பருமனாக இருக்கின்றன. பருமனாக்கினால் ஒவ்வொரு இடத்திலும் விழும் அழுத்தம் குறையும், களைப்பு வரப் பல வருஷம் ஆகும். ஒழுங்காகச் செய்த அலுமினிய ஃபிரேம் நீங்கள் அலுத்துப்போய் விற்கும் வரைக்கும் தாங்கும். ஐரோப்பாவிலும் வேறு பல இடங்களிலும் பின்பற்றும் ஐஎஸ்ஓ 4210 தரநிலையில் ஃபிரேமை இயந்திரத்தில் மாட்டி, பெடல் மிதிக்கும் விசையை 100000 முறை கொடுத்து விரிசல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். தெரிந்த நிறுவனங்கள் இந்தச் சோதனை முடித்துத்தான் விற்கின்றன.

ஆனால் அலுமினியத்தில் ஒரு விஷயத்தை என் தொழிலை வைத்து அழுத்திச் சொல்ல வேண்டும். விரிசல் விட்ட அலுமினிய ஃபிரேமை யாரிடமும் கொடுத்து வெல்டிங் போடாதீர்கள். என்னிடம் கொண்டுவந்தாலும் போட மாட்டேன். சைக்கிள் ஃபிரேமில் அதிகம் வருவது 6061 என்ற கலவை, பின்னால் டி6 என்று போட்டிருப்பார்கள். அந்த டி6தான் பலமே. ஃபிரேமை வெல்டிங் செய்த பிறகு 530 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, அப்புறம் 170 டிகிரி அளவில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து அந்த நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். நாம் பட்டறையில் டிக் வெல்டிங் வைத்து ஒரு கோடு இழுத்தால் பக்கத்து உலோகத்தில் அந்த வைத்தியம் எல்லாம் போய்விடும். பலம் பாதிக்கும் கீழே இறங்கலாம். வெல்டிங் அழகாக இருக்கும், அதை ஒட்டிய இடம் அடுத்த மாதம் விரிசல் விடும். குரோம் மோலி இரும்பு ஃபிரேம் என்றால் கதை வேறு, கைதேர்ந்தவர் ஒட்டித் தரலாம். ஆனால் உங்கள் பட்ஜெட்டில் புதிய குரோம் மோலி மவுண்டன் பைக் கிடைப்பது சிரமம். நம் ஈரத்தில் அது உள்ளிருந்து துருப்பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கார்பனுக்கு வருவோம். கார்பன்மேல் எனக்குப் பகை இல்லை. உலகக் கோப்பைப் பந்தயங்களில் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் கார்பன்தான். நல்ல கார்பன் ஃபிரேமுக்குக் களைப்பு என்பதே பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை என்னவென்றால், உள்ளே துணி எத்தனை அடுக்கு, எந்தத் திசையில், எங்கே காற்றுக் குமிழி நின்றது என்பது பெயின்ட் அடித்த பிறகு யாருக்கும் தெரியாது. அலுமினியத்தில் வெல்டிங் கோட்டைப் பார்த்தாவது ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். கார்பனில் செய்தவன் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. அப்படியானால் செய்தவன் யார், நாளைக்கு எங்கே இருப்பான் என்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் காட்டிய விளம்பரத்தில் அது இல்லை. கடையின் பெயர் ஒன்று, ஃபிரேமில் உள்ள பெயர் வேறு, உத்தரவாதத்துக்கு ஒரு வாட்ஸ்அப் எண்.

பெரிய பிராண்டு என்றால் தப்பே நடக்காது என்று சொல்ல வரவில்லை. 2015 ஏப்ரலில் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து ஏறக்குறைய 10 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. 2000 முதல் 2015 வரையிலான மாதிரிகள். முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் குவிக் ரிலீஸ் லீவர் 180 டிகிரிக்கு மேல் விரிந்தால் டிஸ்க் ரோட்டரில் போய் மாட்டிக்கொள்ளும், சக்கரம் ஓடும்போதே நின்றுவிடும். அதே ஆண்டில் பின்னால் வேறு பல பிராண்டுகளும் அதே காரணத்துக்காகத் திரும்ப அழைத்தன. தப்பு நடந்தபோது ஊரறியச் சொல்லி லீவரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். பெயருக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். பெயரில்லாத ஃபிரேமில் அதே தப்பு இருந்தால் நீங்கள் விழுந்த பிறகுதான் தெரியும். அந்தப் பழுதைச் சோதிப்பது இன்றைக்கும் பயன்படும். பழைய சைக்கிள் எதைப் பார்த்தாலும் முன் லீவரை முழுக்கத் திறந்து ரோட்டர் பக்கம் திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையவில்லை என்றால் லீவரை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

பழைய ஃபுல் சஸ்பென்ஷன் உங்களை ரொம்ப இழுக்கிறது என்று தெரிகிறது. போய்ப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் பார்க்கிற விதத்தில் பாருங்கள். விற்பவர் கழுவித் துடைத்து வைத்திருப்பார். வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுபோய் தலைகீழாகத் திருப்புங்கள். ஃபோர்க் நுழையும் ஹெட் டியூப்பும் அங்கிருந்து கிராங்குக்கு இறங்கும் டவுன் டியூப்பும் சேரும் இடத்தின் அடிப்பக்கம், சீட் டியூப்பின் மேல்முனை, கிராங்கைச் சுற்றிய இடம், பின் பிரேக் காலிப்பர் மாட்டும் இடம், இந்த நான்கையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் விரிசல் தெரியாது. நம் செம்மண் இங்கே ஒரு நல்ல வேலை செய்கிறது. எவ்வளவு துடைத்தாலும் விரிசலுக்குள் போன தூசி வெளியே வராது. துடைத்த பிறகும் மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு நின்றால் அது சந்தேகத்துக்குரிய கோடு. வெறும் பெயின்ட் வெடிப்பாகவும் இருக்கலாம். ஆலையில் நாங்கள் இதற்குப் பெயின்டைச் சுரண்டிவிட்டு, சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, மேலே வெள்ளை பவுடர் அடிப்போம். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்பு ஊறி வரும். விற்பவர் வீட்டு வாசலில் அவருடைய ஃபிரேமைச் சுரண்ட முடியாது. ஆகவே சந்தேகம் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சீட் போஸ்ட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். அதில் குறைந்தபட்சம் உள்ளே போக வேண்டிய கோடு போட்டிருக்கும். தேய்மானத் தடம் அந்தக் கோட்டுக்கு மேலே வரை இருந்தால் சரி. கோட்டை வெளியே விட்டு ஓட்டியிருந்தால் சீட் டியூப் உள்ளே அடிவாங்கியிருக்கும். அப்புறம் சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கி இறக்குங்கள். பின்பக்கம் ‘டக்’ என்று ஒரு ஆட்டம் கைக்குத் தெரிந்தால் பின்பகுதி மடங்கும் மூட்டின் பிவட் பேரிங் போயிருக்கலாம். பேரிங் செட், பின் ஷாக் சர்வீஸ், முன் ஃபோர்க் சர்வீஸ் எல்லாம் சேர்ந்தால் நீங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு கரைந்துவிடும். ஷாக்கே போய்விட்டால் இன்னும் சிக்கல். 2016 வாக்கில் புதிய ஷாக்குகளின் அளவுமுறை அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறத் தொடங்கியது. பழைய அளவில் புதிது தேடி அலைய வேண்டும். 26 அங்குலச் சக்கரம் என்றால் நல்ல டயருக்கும் அதே அலைச்சல். இதற்கெல்லாம் மேல், பெரிய பிராண்டுகளின் ஃபிரேம் உத்தரவாதம் பொதுவாக முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். பத்தாயிரம் வெள்ளியில் ஒரு பங்கு அந்த உத்தரவாதத்துக்காகக் கொடுத்தது, அது உங்களுக்கு வராது. கிராங்குக்கு அடியில் சீரியல் எண் சுரண்டப்படாமல் இருக்கிறதா, பழைய ரசீது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். திருட்டு சைக்கிளைக் காசு கொடுத்து வாங்கின பெயர் வேண்டாம்.

சரி, மூன்றாவது சைக்கிள். கடைக்குப் போனதும் கியரைத் தொடாமல் ஃபிரேமின் மூட்டுகளைப் பாருங்கள். நாளைக்கு உதிரிபாகம் கிடைக்குமா இல்லையா என்பது இங்கேதான் முடிவாகிறது. ஹெட் டியூப் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருந்தால் அது டேப்பர்ட். நல்ல ஃபோர்க் பெரும்பாலும் அந்த அளவில்தான் வருகிறது. மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கும் பழைய பாணி ஒல்லி ஹெட் டியூப் என்றால் பின்னால் ஃபோர்க் மாற்ற நினைக்கும்போது கதவு பாதி மூடியிருக்கும். பின்சக்கரத்தில் 148 மில்லிமீட்டர் பூஸ்ட் த்ரூ ஆக்சில் (ஃபிரேமுக்குள் நுழைந்து மரையில் இறுகும் அச்சு) இருந்தால் நல்லது. 135 குவிக் ரிலீஸ் என்றால் விலையில் அது தெரிய வேண்டும். கிராங்க் பேரிங் மரையில் சுற்றி ஏற்றும் வகையா, அழுத்தி ஏற்றும் வகையா என்று கேளுங்கள். நம் மழைக்கும் சேற்றுக்கும் நான் மரை வகையைத்தான் சொல்வேன். கிறீச் சத்தம் குறைவு, சாதாரணக் கடைக்காரரே மாற்றிவிடுவார்.

ஆர்டி தொங்கும் அந்தச் சின்ன ஹேங்கர் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மட்டைக் குவியலில் ஒரு முறை உரசினால் வளைவது அதுதான், வளைவதற்காகவே மெலிதாகச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு வடிவமாக இருந்து தொல்லை கொடுத்ததால் ஸ்ராம் நிறுவனம் 2019-இல் யூடிஹெச் என்று ஒரு பொது வடிவத்தைக் கொண்டுவந்தது. பல பிராண்டுகள் அதற்கு மாறிவிட்டன. உங்கள் ஃபிரேமில் யூடிஹெச் இல்லாவிட்டால் பரவாயில்லை, வாங்கும் நாளிலேயே அதே ஃபிரேமின் ஹேங்கர் ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் கடைக்காரரும் இணையத்தில்தான் தேடுவார்.

கியர் விஷயத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ஷிமானோவில் கீழிருந்து டூர்னி, ஆல்டஸ், அசேரா, அலிவியோ, டியோர், எஸ்எல்எக்ஸ், எக்ஸ்டி, எக்ஸ்டிஆர் என்பதுதான் பலருக்கும் மனப்பாடம். 2023 முதல் கீழ்த்தட்டுப் பெயர்கள் பலவற்றின் இடத்தில் கியூஸ் என்ற வரிசை வருகிறது, அதுவும் உழைப்பாளிதான். உண்மையான பிரிவு எங்கே என்றால், பின்சக்கரத்தின் பல்சக்கரக் கட்டு ஹப்பின் மரையில் சுற்றிய ஃப்ரீவீலா, ஹப்போடு சேர்ந்த ஃப்ரீஹப் மேல் ஏறிய காசெட்டா என்பதில். மலிவான 7 ஸ்பீடு சைக்கிள்களில் வரும் ஃப்ரீவீலில் பேரிங் நடுப்பக்கம் தள்ளி உட்காரும், ஆக்சிலின் ஒரு முனை தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். 92 கிலோவோடு நாலு பள்ளம் இறங்கினால் ஆக்சில் வளையும். டியோர் 10 ஸ்பீடில் அந்தக் கவலை இல்லை. அதிலே இன்னொரு வசதியும் இருக்கிறது. ஷிமானோவின் 12 ஸ்பீடுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி ஃப்ரீஹப் வேண்டும், 10 ஸ்பீடு பழைய சாதாரண ஃப்ரீஹப்பிலேயே ஏறும். சுங்கை சிப்புட்டில் ஞாயிறு மத்தியானம் சக்கரம் போனால் எந்தச் சக்கரத்தை இரவல் வாங்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

போலி ஷிமானோ செயின், போலி பிரேக் பேட் எல்லாம் இணையத்தில் தாராளமாக ஓடுகின்றன. ஜொகூர் பொந்தியானில் ஷிமானோவுக்குத் தொழிற்சாலையே இருக்கிறது, அதைச் சொல்லி “ஃபேக்டரி சரக்கு, அதனால்தான் மலிவு” என்று விற்பவர்களும் உண்டு. நம்பாதீர்கள். செயின் போலியானால் பெரும்பாலும் நடந்து வருவீர்கள். ஹேண்டல்பார் போலியானால் பல்லோடு வர முடியாது. பிராண்டு பெயர் ஒட்டிய கார்பன் ஹேண்டல்பார், கார்பன் சீட் போஸ்ட் எதையும் அடையாளம் தெரியாத கடையில் வாங்கவே கூடாது. அலுமினிய ஹேண்டல்பார் போதும், எடை வித்தியாசம் நீங்கள் காலையில் சாப்பிடும் ஒரு ரொட்டி சானாய்க்கும் வராது.

பிரேக்கில் ஒரு சின்ன எழுத்தைத் தேடிப் படியுங்கள். ஆரம்ப விலை சைக்கிள்களில் வரும் ரோட்டரில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். ரெசின் பேட் சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஈரச் செம்மண் அதை அரைத்துத் தள்ளிவிடும். மழைக்காலத்தில் ஒரே காலையில் பேட் பாதி தேய்ந்து லீவர் கைப்பிடி வரை வருவதைப் பார்க்கலாம். உலோகப் பேட் அதிக நாள் தாங்கும், ஆனால் அந்த எழுத்துள்ள ரோட்டர் மென்மையானது, உலோகப் பேட் அதைத் தின்றுவிடும். ஆகவே மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், காலிப்பர் உலோகப் பேட்டுக்கு ஏற்றதா என்று கேட்டுக்கொண்டு. உங்கள் எடைக்கு முன்னால் 180 மில்லிமீட்டர் ரோட்டர் இருக்கட்டும். ஈப்போ பக்கத்துக் கிளேடாங் மலையின் செங்குத்தான தார்ச்சாலையில் ஒரு நாள் இறங்கிப் பார்த்தால் ஏன் சொன்னேன் என்று தெரியும். ஷிமானோ பிரேக்கில் மினரல் ஆயில் ஓடுகிறது. மோட்டாரிலும் வேறு சில சைக்கிள் பிரேக்குகளிலும் வரும் டாட் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மினரல் ஆயில் இழுக்காது. நம் புழுக்கத்தில் அது ஒரு வசதி. இரண்டையும் மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் எல்லாம் உப்பிப்போகும், மோட்டார் கடையில் பிரேக் ஆயில் ஊற்றக் கொடுக்காதீர்கள்.

ஃபோர்க் ஏர் வகை என்பதுதான் இந்தச் சைக்கிளை நான் தேர்ந்ததற்குப் பெரிய காரணம். ஸ்ப்ரிங் ஃபோர்க்குகள் நடுத்தர எடை ஆளுக்கு ஏற்ற ஸ்ப்ரிங்கோடு வருகின்றன. நீங்கள் ஏறி உட்கார்ந்தால் பாதி அங்கேயே அமுங்கிவிடும். ஏர் ஃபோர்க்கில் உங்கள் எடைக்குக் காற்றை ஏற்றிக்கொள்ளலாம். ஃபோர்க் காலில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் ஒரு கேபிள் டையை நகர்த்தினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டி, கீழே இறக்கி விட்டு, ஓட்டும் நிலையில் ஏறி அசையாமல் நின்றுவிட்டு இறங்குங்கள். 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் டை 24 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஏறியிருந்தால் சரியான அளவு. ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறது. நம் தூசியில் அதைத் தாண்ட விடாதீர்கள்.

டயர் பற்றிக் கேட்கவே இல்லை நீங்கள், ஆனால் முதல் வாரமே கேட்பீர்கள். செம்பனை மட்டையின் அடிமுள் டியூபை நாசமாக்கிவிடும். ரிம்மும் டயரும் டியூப்லெஸ் ரெடியா என்று பார்த்து, கடையிலேயே சீலன்ட் ஊற்றி மாற்றச் சொல்லுங்கள். முள் குத்தினால் சீலன்ட் வந்து அடைத்துவிடும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். இந்தச் சூட்டில் அது காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊற்ற வேண்டும். சீலன்ட் பெரும்பாலும் ரப்பர் பால்தானே, நம்ம தோட்டத்துப் பாலையே ஊற்றினால் என்ன என்று கேட்காத ஆள் இந்த ஊரில் இல்லை. பதப்படுத்தாத பால் சில மணி நேரத்திலேயே உறையத் தொடங்கும். டயருக்குள்ளே ஒட்டுப்பால் கட்டி உருளும். இரண்டே கால் அங்குல டயரில் 26, 28 பிஎஸ்ஐ வைத்து ஆரம்பித்து, ரிம் அடி வாங்காத அளவுக்குக் குறைத்துப் பாருங்கள்.

சைக்கிளை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். உரக்கிடங்கு ஓரமாக மட்டும் வைக்காதீர்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. நம் ஈரக்காற்றில் அது கசிந்து ஸ்போக், போல்ட், செயின் எல்லாவற்றையும் தின்றுவிடும். உரம் போட்ட வரிசைகளுக்குள் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே வெறும் தண்ணீரால் கழுவுங்கள். மோட்டார் கழுவும் பிரஷர் பம்பை ஹப்புக்கும் ஃபோர்க் சீலுக்கும் காட்டக் கூடாது. செயினை அளக்கக் கருவி இல்லாவிட்டால் அங்குல ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 முழு கண்ணிகள் எண்ணினால் புதிய செயினில் சரியாக 12 அங்குலம். அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் காசெட்டும் போயிருக்கும். அதில் பாதி கூடும்போதே மாற்றிவிட்டால் செலவு செயினோடு நிற்கும்.

கடையில் பணம் கட்டுவதற்கு முன் மீடியம் சைஸில் ஏறிப் பாருங்கள். 172 உயரத்துக்குப் பல பிராண்டுகளில் மீடியம்தான் வரும், சிலவற்றில் லார்ஜோடு எல்லையில் நிற்கும். தரையில் இரண்டு கால் ஊன்றி நிற்கும்போது மேல் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே நாலு விரலாவது இடைவெளி வேண்டும். கடைக்காரரிடம் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெம் போல்ட்டை அதில் வைத்து முறுக்கினால் அவரை நம்பலாம், கைக்கணக்கில் முறுக்கினால் நீங்களே கேட்டு முறுக்க வையுங்கள். ஸ்டெம்மிலேயே எத்தனை நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும். சீரியல் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். உத்தரவாதத்துக்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டுமென்றால் அங்கேயே நின்று செய்துவிட்டு வாருங்கள், வீட்டுக்கு வந்த பிறகு யாரும் செய்வதில்லை.

பேரம் பேசி நூறு இருநூறு மிஞ்சினால் முதலில் ஹெல்மெட், அப்புறம் அந்த ஹேங்கர், அப்புறம் முன் ரோட்டர். 12 ஸ்பீடு ஆசை பின்னால் வரும், வராமல் இருக்காது. செயினும் காசெட்டும் தேயும்வரை பொறுத்திருங்கள், அன்றைக்கு எப்படியும் செலவு உண்டு. போவதற்கு முன் பின் ஹப்பின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். கிடைக்காது என்றால் 10 ஸ்பீடு காசெட்டையே இன்னொன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.